பூஞ்சையின் பெயர் என்ன?
மரபணு வழியே நோய்க்காரணம் அறிதல்

இரண்டாம் ஆண்டு மாணவி, இளம் அறிவியல் (தாவரவியல்)

முன்னுரை

காளான் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது, இடி இடித்து மழை பெய்த மறுநாள் வரப்போரத்திலும் வைக்கோற்போர் அடியிலும் குடை விரித்து நிற்கும் காளானே ஆகும். அதே இனத்தைச் சேர்ந்த, கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் மனிதனின் தோலிலும் நுரையீரலிலும் விழியிலும் கூட வளரும் என்பதை நான் பாடநூலில் படித்து அறியவில்லை. என் தாயாரின் வலது கண்ணில் கண்டு அறிந்தேன்.

நான் பதினோராம் வகுப்புப் படித்த ஆண்டு, தை மாத அறுவடையின்போது என் தாயாரின் கண்ணில் நெல் தாள் ஒன்று குத்திவிட்டது. அன்று இரவு, பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்த அக்காவிடம் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். மறுநாள் நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டார்கள். நான்காம் நாள், மருந்துக் கடை ஒன்றில் மருத்துவர் சீட்டு இல்லாமலே ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். அதை விட்டதும் சிவப்பு குறைந்தது, வலியும் தணிந்தது. நாங்கள் நிம்மதி அடைந்தோம். ஒரு வாரத்தில் கருவிழியில் வெள்ளையாய் ஒரு புள்ளி தோன்றிப் பெரிதாயிற்று. "கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்றனர் ஊரார்.

பதினோராம் நாள்தான் நகரத்துக் கண் மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கே புண்ணின் ஓரத்தைச் சிறிது சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அரை மணி நேரத்தில், "இது பூஞ்சை" என்றார் மருத்துவர். நாங்கள் கொண்டு போயிருந்த மருந்துப் புட்டியை வாங்கிப் பார்த்தவர் முகம் மாறியது. அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. ஸ்டீராய்டு, கிருமியை எதிர்க்கும் உடலின் காவலை அடக்கிவிடும். அதனால் சிவப்பு குறையும். காவல் அடங்கிய வீட்டில் திருடனுக்குக் கொண்டாட்டம். எங்கள் நிம்மதியே பூஞ்சைக்கு வாய்ப்பாயிற்று.

அதன்பின் மணிக்கு ஒரு முறை சொட்டு மருந்து விட வேண்டியிருந்தது. இரவில் நானும் தம்பியும் மாறி மாறி விழித்திருந்தோம். கண் தப்பியது, பார்வை முழுதும் தப்பவில்லை. இன்றும் என் தாயாருக்கு வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டுமே தெரிகின்றன. மருத்துவமனையிலிருந்து பேருந்தில் திரும்பும்போது அவர் என்னிடம் கேட்டார்: "ஏன் பாப்பா, மழைக்கு முளைக்கிற காளானா என் கண்ணுல முளைச்சுது?" அன்று எனக்கு விடை தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தாவரவியலை நான் தேர்ந்தெடுத்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

மருத்துவர் "பூஞ்சை" என்றார். ஆனால் எந்தப் பூஞ்சை? அதன் பெயரை அறிவது எப்படி? இன்று மரபணு முறைகள் இதில் எவ்வளவு தூரம் உதவுகின்றன? எங்கே அவை துணை செய்வதில்லை? இவற்றைப் பற்றி நான் கற்றவற்றை எளிய முறையில் எழுத முயல்கிறேன்.

பெயர் தெரிவதால் என்ன பயன்?

பூஞ்சைகளை நாம் இன்றும் தாவரவியல் வகுப்பில்தான் படிக்கிறோம். ஆயினும் 1969-இல் விட்டேக்கர் என்னும் அறிஞர் உயிரினங்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தபோது, பூஞ்சைகளுக்குத் தனி உலகமே அளித்தார். பின்னர் வந்த மரபணு ஆய்வுகள், பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவினர் என்று காட்டின. இது கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம், நோயாளிக்கு வேடிக்கையன்று. பாக்டீரியாவின் உயிரணு நம் உயிரணுவிலிருந்து பெரிதும் வேறுபட்டது. எனவே அதை மட்டும் கொல்லும் மருந்துகள் பல உள்ளன. பூஞ்சையின் உயிரணுவோ நம்முடையதைப் போலவே உட்கரு உடையது. அதைக் கொன்று நம்மை விட்டுவைக்கும் மருந்துகள் சில வகைகளே உள்ளன. அவற்றிலும் ஒரு பூஞ்சைக்கு ஏற்றது மற்றொன்றுக்கு ஆகாது.

இதற்கு நாம் அனைவரும் அறிந்த சான்று ஒன்று உண்டு. 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது "கருப்புப் பூஞ்சை" என்ற சொல் ஊர்தோறும் பரவியது. அவ்வாண்டு மே மாதம் தமிழ்நாடு அரசு அதனை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆணையிட்டது. அதன்பின் "வெள்ளைப் பூஞ்சை", "மஞ்சள் பூஞ்சை" என்று நிறம் நிறமாய்ச் செய்திகள் வந்தன. உண்மையில் அந்த நோய்க்குக் காரணமான மியூகார் வகைப் பூஞ்சைகள் கருப்பானவை அல்ல. அவை இரத்தக் குழாய்களை அடைத்து விடுவதால் மடிந்துபோகும் தசைதான் கருக்கிறது. இவ்வகையில் நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது ரைசோபஸ் இனம். முதலாண்டுச் செய்முறை வகுப்பில் ரொட்டித் துண்டில் வளர்த்து நாம் வரைந்தோமே, அதே ரைசோபஸின் உறவுதான் அது.

நிறத்தால் பெயர் வைத்தால் மருத்துவம் தடுமாறும். மியூகார் வகைக்கு ஆம்போடெரிசின்-பி என்னும் மருந்து தேவை. ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையும் அதே மூக்கறையை, அதே நுரையீரலைத் தாக்கக் கூடியது. அதற்கு வோரிகொனசோல் சிறந்த மருந்து. ஆனால் அந்த வோரிகொனசோல் மியூகார் வகையை ஒன்றும் செய்யாது. பெயர் மாறினால் மருந்து மாறும். மருந்து மாறினால் உயிர் போகும்.

கண்ணுக்கும் இதுவே விதி. மதுரை, கோயம்புத்தூர், புதுச்சேரி ஆகிய ஊர்களின் அரவிந்த் கண் மருத்துவமனைகளில், கருவிழியில் பூஞ்சைப் புண் கண்ட 323 பேரிடம் இரு மருந்துகளை ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2013-இல் வெளியாயிற்று. பழைய மருந்தான நாடமைசின், புதிய மருந்தான வோரிகொனசோலைவிட நல்ல பயன் தந்தது. அதிலும் புண்ணுக்குக் காரணம் ஃபியூசேரியம் என்னும் பூஞ்சையாக இருந்தவர்களிடம் அந்த வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தது. நம் தென் மாவட்டங்களில் வயலில் உழைப்போர் கண்ணைக் கெடுக்கும் பூஞ்சைகளுள் ஃபியூசேரியமும் ஆஸ்பெர்ஜில்லஸும் முதன்மையானவை.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்த நமக்கு, காரணம் அறிந்த பின்பே மருத்துவம் என்பது புதிய செய்தியன்று. அக்காரணத்தை அறியும் கருவிகள்தாம் புதியவை.

பழைய முறைகளும் அவற்றின் எல்லையும்

பூஞ்சையைக் கண்டறிய இரண்டு முறைகள் நெடுங்காலமாக உள்ளன.

முதலாவது, நேரே நுண்ணோக்கியில் பார்த்தல். சுரண்டி எடுத்த துணுக்கின் மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு துளி விட்டால், மனித உயிரணுக்கள் கரைந்து தெளிவாகும். கைட்டின் கலந்த உறுதியான சுவருடைய பூஞ்சை இழைகள் கரையாமல் நிற்கும். செலவு சில ரூபாய். நேரம் சில நிமிடம். இது "பூஞ்சை உண்டா, இல்லையா" என்பதைச் சொல்லும். இழை அகன்றும் குறுக்குச் சுவர் அரிதாயும் இருந்தால் மியூகார் வகை என்றும், மெலிந்தும் குறுக்குச் சுவர்களோடும் கிளைத்தால் வேறு வகை என்றும் ஓரளவு கூறலாம். ஆனால் இனப்பெயரைப் பெரும்பாலும் சொல்ல இயலாது.

இரண்டாவது, வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்துப் பார்த்தல். வளர்ந்த பின் அதன் நிறம், பரப்பு, ஸ்போர்களின் வடிவம் ஆகியவற்றைக் கண்டு பெயரிடலாம். இதற்கு நாள் பிடிக்கும். சில பூஞ்சைகள் இரண்டு மூன்று நாளில் வளரும். படர்தாமரைப் பூஞ்சைகளுக்கு நான்கு வாரம் வரை காத்திருக்க நேரும். சில வளரவே வளரா. வேறு சில, வெறும் இழையாக மட்டும் வளர்ந்து ஸ்போர் உண்டாக்காமல் இருந்துவிடும். பூவும் காயும் இல்லாத செடியைக் கொடுத்துக் குடும்பம் என்ன என்று செய்முறைத் தேர்வில் கேட்டால் நம் நிலை என்னவோ, அதுவே அங்கு ஆய்வாளரின் நிலை. கருவிழிப் புண்ணோ நான்கு வாரம் காத்திராது.

எல்லைக்கல்லும் வயலும்

உருவம் காட்டாத பூஞ்சைக்கும் ஒரு முகவரி உண்டு. அது அதன் டி.என்.ஏ.வில் எழுதப்பட்டுள்ளது. டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு எழுத்துகளால் ஆன நீண்ட ஏடு. அதை முழுதும் படிக்க வேண்டியதில்லை. சரியான பக்கத்தைத் திறந்தால் போதும்.

எந்தப் பக்கம்? உயிரணுவில் புரதம் செய்யும் இடமான ரைபோசோமுக்கு உரிய மரபணுக்கள் எல்லா உயிரிலும் உண்டு. பூஞ்சைகளில் இவை 18எஸ், 5.8எஸ், 28எஸ் என வரிசையாக அமைந்துள்ளன. இம்மூன்றும் இன்றியமையாத வேலை செய்வதால் பல கோடி ஆண்டுகளாகியும் அதிகம் மாறவில்லை. ஆனால் அவற்றுக்கு இடையில் உள்ள இரு இடைவெளிப் பகுதிகள் இனத்துக்கு இனம் மாறிக்கொண்டே வந்துள்ளன. 5.8எஸ் மரபணுவையும் அதன் இருபுற இடைவெளிகளையும் சேர்த்து ஐ.டி.எஸ். பகுதி என்பர். பெரும்பாலான பூஞ்சைகளில் இதன் நீளம் ஏறத்தாழ 500 முதல் 700 எழுத்துகள்.

எங்கள் ஊரில் நிலம் அளக்க வரும் அலுவலர் முதலில் தேடுவது எல்லைக்கல்லைத்தான். கல்லைக் கண்டுவிட்டால் நடுவிலுள்ள வயலை அளந்துவிடலாம். அதைப் போலவே 18எஸ், 28எஸ் மரபணுக்கள் எல்லைக்கற்கள். அவை எல்லாப் பூஞ்சைகளிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால், பெயர் தெரியாத பூஞ்சையிலும் அவற்றைக் கண்டுகொள்ளலாம். நடுவிலுள்ள ஐ.டி.எஸ். பகுதி வயல். அதில் என்ன விளைந்திருக்கிறது என்பதைக் கொண்டு இனத்தைச் சொல்லலாம். இவ்வெல்லைகளில் பொருந்தும் பிரைமர்கள் எனப்படும் சிறு டி.என்.ஏ. துண்டுகளை, 1990-இல் ஒயிட் என்பவரும் அவருடன் உழைத்தோரும் வெளியிட்டனர். அவை இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. 2012-இல், பூஞ்சைகளை இனங்காணும் பொதுக் குறியீடாக ஐ.டி.எஸ். பகுதியைக் கொள்ளலாம் என்று பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று பரிந்துரைத்தது.

ஒன்றைக் கோடியாக்கும் வினை

சுரண்டி எடுத்த துணுக்கில் பூஞ்சையின் டி.என்.ஏ. மிகச் சிறிதளவே இருக்கும். அதைப் படிக்கும் அளவுக்குப் பெருக்க வேண்டும். இதைச் செய்வதே பாலிமரேஸ் தொடர்வினை. இதன் சுருக்கப் பெயரான பி.சி.ஆர். என்பது, 2020-க்குப் பின் நம் கிராமத்துப் பாட்டிமாரும் அறிந்த சொல்லாகிவிட்டது.

அமெரிக்க அறிஞர் கேரி முல்லிஸ் 1983-இல் இம்முறையை வகுத்தார். அதற்காக 1993-இல் வேதியியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். வினையில் மூன்று படிகள் உண்டு. சுமார் 95 டிகிரி செல்சியசில் டி.என்.ஏ.வின் இரு புரிகளும் பிரிகின்றன. வெப்பத்தை 50 முதல் 60 டிகிரிக்குக் குறைத்தால் பிரைமர்கள் தத்தம் எல்லையில் பொருந்துகின்றன. 72 டிகிரியில் பாலிமரேஸ் என்னும் நொதி, பிரைமரிலிருந்து தொடங்கிப் புதிய புரியை நெய்கிறது. ஒன்று இரண்டாயிற்று. மீண்டும் சுற்றினால் இரண்டு நான்காகும்.

95 டிகிரியில் நம் உடல் நொதிகள் வெந்துவிடும். இந்த நொதியோ, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் தெர்மஸ் அக்குவாட்டிகஸ் என்னும் பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. தாமஸ் பிராக் என்பவர் தம் மாணவருடன் அதைக் கண்டு 1969-இல் விவரித்தபோது, அது ஒருநாள் நோய் அறிய உதவும் என்று யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் நெல்மணியை இரட்டிப்பாக்கச் சொன்ன புலவரின் கதையை நாம் அறிவோம். அதே கணக்குத்தான் இங்கும். பத்துச் சுற்றில் ஒன்று 1,024 ஆகும். இருபதில் 10,48,576. முப்பதில் 107,37,41,824. இவ்வளவும் முடிய ஏறத்தாழ இரண்டு மணி நேரமே ஆகும்.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது

1. மாதிரி எடுத்தல்: கருவிழிச் சுரண்டல், தசைத் துண்டு, தோல் செதில், நகம், இரத்தம் ஆகியவற்றுள் ஏற்றதைத் தூய கலத்தில் எடுப்பர்.

2. சுவரை உடைத்தல்: இதுவே கடினமான படி. வாழைப்பழத்தைப் பிசைந்து, சோப்புக் கரைசலும் உப்பும் சேர்த்து, குளிர்ந்த ஆல்கஹாலை ஊற்றி டி.என்.ஏ.வை நூல்போல எடுப்பதை எங்கள் துறையில் செய்து பார்த்தோம். அதே ஆவலில் ரொட்டிப் பூஞ்சையிலும் செய்தோம், ஒன்றும் வரவில்லை. கைட்டின் சுவர் சோப்புக்கு மசியாது. எனவே நுண்ணிய மணிகளோடு குலுக்கியோ, நொதி கொண்டு கரைத்தோ, திரவ நைட்ரஜனில் உறைய வைத்து அரைத்தோதான் உடைக்கிறார்கள்.

3. தூய்மை செய்தல்: இரத்தத்தில் உள்ள சில பொருள்கள் வினையைத் தடுக்கும். அவற்றை நீக்குவர்.

4. பெருக்குதல்: மேற்கூறிய வினை. இன்ன பூஞ்சைதான் என்ற ஐயம் முன்பே இருந்தால், அதற்கு மட்டும் பொருந்தும் பிரைமரைக் கொண்டு "உண்டு, இல்லை" என்று அறியலாம். ஐயமே இல்லாத இடத்தில் பொதுப் பிரைமரைக் கொண்டு எந்தப் பூஞ்சையாயினும் பெருக்கலாம்.

5. காணுதல்: அகரோஸ் கூழில் மின்சாரம் செலுத்தினால் டி.என்.ஏ. பட்டையாகத் தெரியும். புதிய கருவிகளில், பெருகப் பெருக ஒளி மிகுவதைக் கணினித் திரையிலேயே காணலாம்.

6. படித்தல்: பெருகிய துண்டின் எழுத்து வரிசையைப் படித்து, உலகத் தரவு வங்கிகளில் உள்ள வரிசைகளோடு ஒப்பிடுவர். எழுத்து வரிசையைப் படிக்கும் முறைகளுள் புகழ்பெற்றது 1977-இல் பிரெடரிக் சாங்கர் வகுத்தது.

மரபணு கண்டு சொன்ன மூன்று செய்திகள்

காதில் கிடைத்த புதியவர்: 2009-இல் ஜப்பானில், 70 வயது மூதாட்டி ஒருவரின் காதிலிருந்து எடுத்த ஈஸ்ட் வகைப் பூஞ்சை, அதுவரை அறியப்படாத இனம் என்று மரபணு வரிசையால் தெரிந்தது. காது என்னும் பொருள்பட அதற்குக் கேண்டிடா ஆரிஸ் என்று பெயரிட்டனர். பின்னர் அது பல நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பரவியது; நம் நாட்டிலிருந்தும் 2013-இல் அறிக்கை வந்தது. பல மருந்துகளை எதிர்த்து நிற்கும் இப்பூஞ்சையை, மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்யும் வேதிச் சோதனைகள் அதன் உறவினமான கேண்டிடா ஹீமுலோனி என்று தவறாகக் காட்டின. பெயர் தவறியதால் பரவலும் கண்ணில் படாமல் நடந்தது. 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் முதன்முறையாக வெளியிட்ட 19 பூஞ்சை வகைகளின் முன்னுரிமைப் பட்டியலில், இது முதல் வரிசையில் இடம்பெற்றது.

தீராத படர்தாமரை: விடுதியில் ஒருவர் துண்டை ஒருவர் பயன்படுத்தும் நமக்கு இது அன்றாடச் செய்தி. பல வாரம் மருந்து உண்டும் தீராத படர்தாமரைகள் நம் நாட்டில் பெருகின. அவற்றின் பூஞ்சை நுண்ணோக்கியில் பழைய இனத்தைப் போலவே தோன்றியது. ஐ.டி.எஸ். வரிசையைப் படித்தபோதுதான் அது தனித்தது என்று விளங்கியது. 2020-இல் அதற்கு டிரைகோபைட்டான் இந்தோடினியே என்று பெயரிட்டனர். இதன் பல வகைகளில், டெர்பினஃபின் என்னும் மருந்து தாக்க வேண்டிய நொதிக்குரிய மரபணுவிலேயே ஓரெழுத்து மாறியிருப்பதால் மருந்து பலிப்பதில்லை. கடையில் கேட்டவுடன் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் இந்நோய் பரவத் துணை செய்தன என்று தோல் மருத்துவர்கள் கூறுகின்றனர். என் தாயாரின் கதையே இங்கும் நடக்கிறது.

மதுரையின் பெயர் தாங்கிய நோய்: வெறுங்காலுடன் உழைப்போரின் பாதத்தில் முள் குத்திய வழியே கிருமி புகுந்து, ஆண்டுக்கணக்கில் வீங்கிப் புரையோடி, மணல்போல் மணிகள் வெளிவரும் நோய் ஒன்றுண்டு. 1842-இல் மதுரையிலிருந்து இதைப் பற்றிய அறிக்கை வந்ததால் "மதுரைப் பாதம்" என்றே உலக மருத்துவ நூல்கள் அழைக்கின்றன. 1860-இல் பம்பாயில் பணியாற்றிய வாண்டைக் கார்ட்டர் இதற்கு மைசெட்டோமா என்று பெயரிட்டார். ஒரே தோற்றமுள்ள இந்நோய்க்குச் சிலரிடம் பூஞ்சையும் சிலரிடம் பாக்டீரியாவும் காரணம். பாக்டீரியாவானால் அதற்குரிய நுண்ணுயிர்க்கொல்லிகளால் பெரிதும் குணமாகும். பூஞ்சையானால் நெடுநாள் வேறு மருந்தும் பெரும்பாலும் அறுவையும் தேவை. காலையே இழந்தோரும் உண்டு. இப்பூஞ்சைகளில் முதன்மையானதற்கு மதுரெல்லா என்றே பெயர். அதைத் தனித்துக் காட்டும் பி.சி.ஆர். சோதனையும் ஐ.டி.எஸ். பகுதியைக் கொண்டே உருவாக்கப்பட்டுள்ளது. நம் ஊரின் பெயரைத் தாங்கி நிற்பது ஏழைகளின் நோய் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

குறைகளும் உண்டு

முதலாண்டில் எங்கள் பேராசிரியை, உருளைக்கிழங்கு ஊடகம் ஊற்றிய பெட்ரித் தட்டுகளை எங்களுக்குக் கொடுத்தார். ஒன்றை வகுப்பறையில் ஐந்து நிமிடம் திறந்து வைக்க வேண்டும். மற்றொன்றைத் திறக்கவே கூடாது. நான்காம் நாள் திறந்த தட்டில் பச்சை, கருப்பு, வெள்ளை என்று பூஞ்சைகள் பூத்திருந்தன. எங்கள் குழுவில் திறக்காத தட்டிலும் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. காரணம் நான்தான், என்ன ஆயிற்று என்று இரண்டாம் நாள் ஒரு கணம் மூடியைத் தூக்கிப் பார்த்திருந்தேன். பேராசிரியை திட்டவில்லை. "ஒரு ஸ்போர் போதும்" என்று மட்டும் சொன்னார்.

ஒன்றைக் கோடியாக்கும் வினையில் அந்த ஒரு ஸ்போரின் விலை பெரிது. காற்றிலிருந்து விழுந்த பூஞ்சையும் நோயாளியின் பூஞ்சையாகத் தோன்றிவிடும். எனவேதான் மாதிரி சேர்க்காத வெறுங்குழாய் ஒன்றையும் உடன் வைத்துச் சோதிக்கிறார்கள். அதில் வினை நடந்தால் அன்றைய முடிவு முழுவதையும் ஒதுக்க வேண்டும்.

மேலும், டி.என்.ஏ. இருப்பதாலேயே நோய் என்று ஆகாது. கேண்டிடா நம் வாயிலும் குடலிலும் நோயின்றியே வாழ்வதுண்டு. செத்த பூஞ்சையின் டி.என்.ஏ.வும் சில காலம் தெரியும். நெருங்கிய இனங்களை ஐ.டி.எஸ். மட்டும் பிரித்துக் காட்டாது. ஆஸ்பெர்ஜில்லஸுக்கும் ஃபியூசேரியத்துக்கும் வேறு மரபணுக்களையும் படிக்க வேண்டும். தரவு வங்கியில் தவறான பெயரில் சேர்க்கப்பட்ட வரிசைகளும் உள்ளன. பெயர் தெரிந்தாலும் மருந்து பலிக்குமா என்பதை அறியத் தனிச் சோதனை தேவைப்படலாம். எனவே நோயாளியைப் பார்த்த மருத்துவர், நுண்ணோக்கியைப் பார்த்தவர், மரபணுவைப் படித்தவர் ஆகிய மூவரின் சாட்சியும் ஒத்து வந்தால்தான் தீர்ப்புச் சொல்லலாம்.

இக்குறைகளைக் கூறுவது முறையைத் தாழ்த்துவதற்கு அன்று. மியூகார் வகைப் பூஞ்சையின் டி.என்.ஏ.வை நோயாளியின் இரத்தத்திலேயே, பிற முறைகள் உறுதி செய்வதற்குச் சில நாள் முன்னதாகக் கண்டறியலாம் என்று பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். அந்நோயில் சில நாள் என்பது ஒரு கண்ணுக்கும் ஓர் உயிருக்கும் ஈடு.

என் தாயாரின் கண்ணுக்கு?

இக்கட்டுரையின் முதற்படியைப் பேராசிரியையிடம் காட்டியபோது, அதில் "மரபணுச் சோதனை இருந்திருந்தால் என் தாயாரின் பார்வை பிழைத்திருக்கும்" என்று முடித்திருந்தேன். அவர் அந்த வரியின்கீழ் கோடிட்டு, "நாள் வாரியாக எண்ணிப் பார்த்து எழுது" என்றார்.

எண்ணிப் பார்த்தேன். நெல் தாள் குத்தியது முதல் நாள். பூஞ்சை என்று தெரிந்தது பதினோராம் நாள். அதைச் சொன்னது விலையுயர்ந்த கருவி அன்று. ஒரு துளி பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் ஒரு நுண்ணோக்கியுமே. மரபணுச் சோதனை அன்றே இருந்திருந்தால், எந்தப் பூஞ்சை என்பது இன்னும் விரைவில் தெரிந்திருக்கும். வளர்ப்புத் தட்டில் ஒன்றும் வளராத நோயாளிகளுக்கு அது பெருந்துணை. ஆனால் என் தாயார் இழந்த பத்து நாள்களும் ஆய்வுக்கூடத்தில் கழிந்தவை அல்ல. சோதனையே இல்லாமல், பெயரே கேட்காமல் மருந்து விட்ட நாள்கள் அவை. எந்தச் சிறந்த சோதனையும், மாதிரி தன்னிடம் வந்து சேர்ந்த பிறகுதான் வேலை செய்யும். அந்த வரியை அடித்துவிட்டேன்.

முடிவுரை

கொரோனாக் காலத்தில் நம் அரசு மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் பி.சி.ஆர். கருவிகள் நிறுவப்பட்டன. கருவிக்கு வைரஸ், பூஞ்சை என்ற வேறுபாடில்லை. பிரைமரும் பயிற்சி பெற்ற கைகளும் மாறினால் போதும். அந்தக் கைகளுள் சில, நம் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளிலிருந்து செல்ல வேண்டும் என்பது என் ஆசை. அதற்குள் நாம் அனைவரும் செய்யக் கூடியது ஒன்றுண்டு. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, கண்ணில் தாளோ தூசியோ பட்டுச் சிவந்தால் கடைச் சொட்டு மருந்தை நாடாமல் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுமாறு கூறலாம். படர்தாமரைக்குக் கண்ட களிம்பைப் பூச வேண்டாம் என்று சொல்லலாம். படித்தவர் சொன்னால் கேட்பார்கள். எங்கள் தெருவில் இப்போது என்னைக் கேட்கிறார்கள்.

சென்ற பொங்கல் விடுமுறையில் என் தாயாரின் பழைய கேள்விக்கு விடை சொன்னேன். "ஆமாம்மா, மழைக்கு முளைக்கிற காளானுக்கு உறவுதான். வயல்ல, வைக்கோல்ல, காத்துல எங்கயும் இருக்கும். தாள் குத்தின புண்ணு வழியா உள்ள போயிருக்கு" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அன்னிக்கே சுரண்டிப் பாத்திருந்தாப் போதுமா பாப்பா?" என்று கேட்டார்.

"போதும்மா" என்றேன்.

இவ்வாண்டு அறுவடைக்குச் சென்றபோது அவருடன் சென்ற பெண்ணொருத்தியின் கண்ணில் தூசி விழுந்து சிவந்துவிட்டது. மாலைக்குள் அவளை நகரத்துப் பேருந்தில் ஏற்றிவிட்டவர் என் தாயார்தாம்.